எந்தப் புலவர் சொன்னார்?

அம்பூரி, பாறசாலைப் பக்கத்து நம்மவர்க்கு அதங்கோடு தூரத்து ஊரன்று. எல்லைக்கு அப்பால், குமரி மாவட்டத்தில் இருக்கிறது. தொல்காப்பியம் அரங்கேறியபோது கேட்டு ஆராய்ந்த அதங்கோட்டாசான் இவ்வூரினர் என்பது இப்பகுதியார் நம்பிக்கை.

அந்நூலில் அடிக்கடி வரும் தொடர் 'என்மனார் புலவர்'. அதாவது, அறிஞர் இவ்வாறு கூறுவர். முன்னோர் கண்டதை அவர்களுக்கே உரியதாக்கும் நேர்மை அது.

இன்றைய ஆய்வேடுகளிலும் 'அறிஞர் கருதுவர்', 'இதனால் அறியலாகிறது' போன்ற தொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆங்கிலத்திலும் அப்படியே, டக்ளஸ் பைபர் குழுவினர் 1999-இல் வெளியிட்ட இலக்கண நூலில் இவற்றைக் கணக்கெடுத்தே காட்டினர்.

வேலை பார்த்துக்கொண்டே தபால்வழியில் எம்.ஏ. படிக்கும் நண்பர்கள் இத்தொடர்களைக் கண்டு மிரள வேண்டாம், தாராளமாகக் கையாளலாம். ஆனால் 'அறிஞர் கருதுவர்' என்றால், எந்த அறிஞர் என்று சொல்லத் தெரிய வேண்டும். அதங்கோட்டாசான் இருந்தால் கேட்காமல் விடுவாரா?