பீஸ் லில்லி வாங்கி வெச்சா காத்து சுத்தமாயிடுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வாடகை வீடு. ஜன்னலைத் திறந்தால் தூசி. 'ஒரு பீஸ் லில்லி வாங்கி வை, காத்து சுத்தமாயிடும்' என்று நர்சரியில் சொல்லியிருப்பார்கள்.

இந்த நம்பிக்கைக்குக் காரணம், நாசா 1989-ல் வெளியிட்ட ஆய்வு. ஆனால் சோதனை நடந்தது காற்றுப் புகாத சின்னக் கூண்டுகளில். சோதித்ததும் சில வாயுக்களை மட்டும்தான், தூசியை அல்ல. வீட்டில் காற்று வந்துபோவதாலேயே கிடைக்கும் பலனைச் செடிகள் தர, ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்கிறது 2019-ல் வெளியான அமெரிக்க ஆய்வு. அப்புறம் மனுஷன் எங்கே படுப்பது?

அழகுக்காகத் தாராளமாக வாங்கலாம். காட்டில் மர நிழலில் வளரும் செடி என்பதால், நேரடி வெயில் படாத, வெளிச்சமான மூலை போதும்.

பெரும்பாலும் இதைக் கொல்வது அக்கறைதான். இலை தொங்கியதும் பதறிப்போய் தண்ணீர் ஊற்றுகிறோம். வேர் அழுகினாலும் இலை அப்படியேதான் தொங்கும்! முதலில் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஓர் அங்குல ஆழம் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தொங்கிய செடி சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் காயவே நாளாகும்.

இலை நுனி கருகுதா? உப்பான போர் தண்ணீர் காரணமாக இருக்கலாம். மழைநீர் பிடித்து ஊற்றிப் பாருங்கள்.

பெயர்தான் லில்லி, உண்மையில் இது சேப்பங்கிழங்கின் சொந்தம். கிழங்கு நறுக்கும்போது கையை அரிக்கிற அதே வகை கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் இந்த இலையிலும் உண்டு. கடித்தால் வாய் எரியும், வீங்கும். தவழும் குழந்தையோ பூனையோ இருக்கிற வீட்டில் தொட்டியைத் தரையில் வைக்காதீர்கள்.