ஸ்லாப்பி ஜோ: சமைப்பதும் சேமிப்பதும்

கொத்திய மாட்டிறைச்சியை வெங்காயம், குடைமிளகாயுடன் வதக்கி, தக்காளி சாஸ், வினிகர், சிறிது சர்க்கரை சேர்த்துக் கெட்டியாகக் கொதிக்கவிட்டு, மென்மையான பன்னுக்குள் வைத்து உண்ணும் அமெரிக்க உணவே ஸ்லாப்பி ஜோ. 1969-இல் ஹன்ட்ஸ் நிறுவனம் இதற்கான சாஸை ‘மேன்விச்’ என்ற பெயரில் டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கியபோதிலும், இனிப்பையும் புளிப்பையும் விருப்பப்படி அமைத்துக்கொள்ள இடமளிக்கும் வீட்டுத் தயாரிப்பே மேலானது.

சேமிப்பில்தான் மிகுந்த கவனம் தேவை. தக்காளி சேர்ந்திருப்பினும், இறைச்சி மிகுந்த இக்கலவையின் அமிலத்தன்மை போதாமையால், கொடிய நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள், அதாவது வெப்பத்தைத் தாங்கி உறங்குநிலையில் கிடக்கும் அதன் வடிவங்கள், கொதிநீரிலும் அழியாமல் எஞ்சி, முளைத்து வளரக்கூடும். ஆகவே கண்ணாடிப் புட்டிகளில் அடைப்போர், சுமார் 116 டிகிரி செல்சியஸை எட்டும், அதற்கென்றே செய்யப்பட்ட அழுத்தக் கலனையே பயன்படுத்த வேண்டும். அது இல்லாதோர், சமைத்த 2 மணி நேரத்துக்குள் குளிரவைத்து, மைனஸ் 18 டிகிரியில் உறையவைப்பதே எளிது, பாதுகாப்பானதும்கூட.