உறக்கப் பை வெப்பம் தருவதில்லை. இருக்கும் வெப்பத்தைக் காக்கிறது

அரையாண்டு விடுமுறை முடிந்த முதல் வாரத்தில், சுரங்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 68 வயதுப் பெரியவர் ஒருவர் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவர். மகன் குடும்பத்தாருடன் கொடைக்கானலில் கூடாரம் அமைத்து ஓர் இரவு தங்கியிருக்கிறார். மெல்லிய உறக்கப் பைக்குள் குளிர் தாங்க இயலாமல், பாட்டிலில் வெந்நீர் நிரப்பிக் காலடியில் வைத்துக்கொண்டு உறங்கியிருக்கிறார். காலையில் பார்த்தால் வலது பாதத்தில் பெரிய கொப்புளம், வலியே தெரியவில்லை. புண் ஆற ஆறு வாரங்கள் ஆயின. “மழையிலயும் வெயில்லயும் சுரங்கத்துல நின்ன உடம்பு டாக்டர், குளிர் என்ன பண்ணிடும்னு நெனச்சேன்” என்றார்.

மலைக்குச் சுற்றுலா செல்லுமுன் “எந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கலாம்?” என்று நம் நோயாளிகள் சிலர் இப்போது கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அதற்கு ஒரு மருத்துவரின் பார்வையில் விடை கூறவே இக்கட்டுரை.

பையின் வேலை என்ன?

உறக்கப் பை தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. அதற்குள் இருக்கும் பஞ்சோ இறகோ காற்றைச் சிறைப்பிடித்து வைக்கின்றன. நம் உடல் வெளிவிடும் வெப்பம் அக்காற்றில் தங்குகிறது. ஆகவே, பையின் தரத்தைப் போலவே அதனுள் படுப்பவரின் உடல் எவ்வளவு வெப்பத்தை உண்டாக்குகிறது என்பதும் முக்கியமாகும்.

முதியவர்களுக்குக் குளிர் நடுக்கம் தாமதமாகவே வரும்; குளிரும் முழுமையாக உறைக்காது. தைராய்டு சுரப்பு குறைந்தவர்களின் உடல் குறைவான வெப்பத்தையே உண்டாக்குகிறது. நெடுநாள் சர்க்கரை நோயாளிகளின் பாதங்கள் சூட்டையும் குளிரையும் அறிவதில்லை. இதய நோய்க்காகச் சில வகை மருந்துகளை உட்கொள்பவர்களுக்குக் கை கால்கள் எளிதில் சில்லிட்டுவிடும். இத்தகையோர், பேரனுக்குப் போதுமான பை தமக்கும் போதும் என்று எண்ணலாகாது.

எத்தனை டிகிரிக்கான பை?

கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். மார்கழி இரவில் நெய்வேலியில் 20 டிகிரி இருந்தாலே நாம் மப்ளரைத் தேடுகிறோம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் அதே இரவு 7 டிகிரி அளவில் இருக்கும். உதகையில் சனவரி மாதத்தின் சில நாட்களில் புல்வெளி மீது உறைபனி படியும்.

தரமான பைகளின் சீட்டில் பன்னாட்டுத் தர முறைப்படி மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதலாவது, தளர்வாகப் படுத்து வசதியாக உறங்கத்தக்க வெப்பநிலை. இரண்டாவது, நலமுள்ள ஆண் ஒருவர் உடலைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கக்கூடிய எல்லை. மூன்றாவது, உயிர் பிழைப்பதற்கான எல்லை மட்டுமே; அங்கே உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் எண் மூன்றாவதாகவும் இருக்கலாம். நீங்கள் முதல் எண்ணையே பாருங்கள். முதியவர்களும் மேற்கூறிய நோயுள்ளவர்களும், எதிர்பார்க்கும் இரவுக் குளிரைவிட 5 டிகிரியேனும் குறைவான எண் கொண்ட பையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கொடைக்கானலுக்கு 0 முதல் 2 டிகிரி வரையிலான பை பொருந்தும்.

இறகா, செயற்கை இழையா?

வாத்து இறகுப் பை எடை குறைந்தது, வெதுவெதுப்பானது, விலை கூடியது. ஆனால் நனைந்தால் பயனற்றுப் போகும். செயற்கை இழைப் பை சற்றுக் கனமானது. எனினும் ஈரத்திலும் ஓரளவு காக்கும், துவைப்பதும் எளிது. பனியும் தூறலும் மிகுந்த நம் மலைகளுக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

வாடகைப் பையானால் உள்ளுறை ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். பழைய பருத்தி வேட்டியை இரண்டாக மடித்து, அடிப்புறத்தையும் ஒரு பக்கத்தையும் தைத்தால் போதும். சிரங்கு முதலிய தோல் நோய்கள் பரவும் வாய்ப்பு குறையும்.

வடிவமும் விரிப்பும்

தலைப்பக்கம் அகன்று காலடியில் குறுகும் பையில் வெப்பம் நன்கு தங்கும். ஆயினும் மூட்டுவலி உள்ளவர்களும், இரவில் சிறுநீர் கழிக்க அடிக்கடி எழுபவர்களும் அதிலிருந்து வெளிவரத் தடுமாறுவார்கள். அவர்களுக்கு நீள்சதுரப் பையே ஏற்றது. ஜிப்பை உள்ளிருந்தே திறக்க முடிகிறதா என்று கடையிலேயே படுத்துப் பாருங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. டார்ச் விளக்கு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

உடலின் கீழ் அமுங்கும் பகுதியில் காற்று நிற்காது. அவ்வழியே தரை நம் வெப்பத்தை உறிஞ்சிவிடும். கோரைப்பாய் கோடைக்கு உகந்தது. மலைக் குளிரைத் தடுக்காது. தடித்த ஃபோம் விரிப்பு கட்டாயம் வேண்டும்.

செய்யக் கூடாதவை

கூடாரத்துக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ கரி அடுப்பு, விறகுத் தணல் எதையும் வைக்காதீர்கள். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. அது இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பற்றிக்கொள்ளும்; உறங்குபவர் விழிக்காமலே இறக்க நேரிடும்.

குளிருக்கு மது தீர்வன்று. தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, சூடேறியது போன்ற உணர்வைத் தந்து, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றிவிடும். உணர்விழந்த பாதங்களில் வெந்நீர்ப் பை வேண்டாம். உலர்ந்த கம்பளிக் காலுறை போதும். தலையைப் பைக்குள் நுழைத்து உறங்காதீர்கள். மூச்சின் ஈரம் பையை நனைத்துவிடும். குல்லாய் அணியுங்கள். கைக்குழந்தைகளைப் பெரியவர்களின் பையில் படுக்கவைக்காதீர்கள்; மூச்சுத் திணறும் அபாயம் உண்டு.

மருந்துகளும் குளிர்காயட்டும்

இன்சுலின் உறைந்துவிட்டால் மீண்டும் உருகினாலும் பயன்படாது. இன்சுலின், குளுக்கோமீட்டர், இன்ஹேலர் மூன்றையும் சிறு பையில் இட்டு உறக்கப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பகலில் வழக்கத்தைவிட அதிகம் நடந்திருந்தால் இரவில் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். படுக்குமுன் அளந்து பாருங்கள். இனிப்பு ஏதேனும் அருகில் இருக்கட்டும்.

நடுங்கிக்கொண்டிருந்தவரின் நடுக்கம் தானே நின்று, பேச்சுக் குழறி, தடுமாற்றம் தோன்றினால் அவர் தேறிவிட்டார் என்று கருத வேண்டாம். உடல் வெப்பம் 35 டிகிரிக்கும் கீழே இறங்கியிருக்கலாம், சர்க்கரையும் தாழ்ந்திருக்கலாம். சர்க்கரையை அளந்து, ஈர உடையை மாற்றி, போர்த்தி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பாதம் ஆறிய பின் அப்பெரியவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: “இனிமே பேரப் பசங்களோட மலைக்குப் போகக் கூடாதா?” தாராளமாகப் போகலாம் ஐயா என்றோம். பயணத்துக்கு இரு வாரங்கள் முன்பு எங்களிடம் வந்து பாதங்களையும் மருந்துகளையும் ஒருமுறை காட்டிவிட்டு, உங்கள் உடலுக்கு ஏற்ற பையுடன் போங்கள் என்றோம். உங்களுக்கும் எங்கள் வேண்டுகோள் அதுவே.