பழைய கணினிகள் – 9: புகை வந்த பெட்டி

பிபிசி மைக்ரோவை ஒருமுறை இயக்கியவர்கள் அதன் குரலை மறந்திருக்க மாட்டார்கள். சுவிட்சைப் போட்டதும் தாழ்ந்த சுருதியில் 'பூ...' என்று ஓர் ஒலி. அது அடங்கும்போதே உயர்ந்த சுருதியில் 'பீப்'. முதல் ஒலி, மின்சாரம் கிடைத்தவுடன் சவுண்ட் சிப் தன் போக்கில் எழுப்புவது. பிராசசர் விழித்துக்கொண்டு, அதை அடக்கிவிட்டு, நான் தயார் என்று சொல்வது இரண்டாவது. 'பூ' மட்டும் நிற்காமல் ஒலித்துக்கொண்டிருந்தால், மின்சாரம் வருகிறது, ஆனால் கணினி எழவில்லை என்று அர்த்தம். பழுது பார்க்க உட்காருபவருக்கு இதைவிட நல்ல துப்பு கிடைக்காது.

பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் நிறுவனம், பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக 1981-ல் வெளியிட்ட கணினி இது. அந்த ஒப்பந்தத்தைப் பிடிப்பதற்காக சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் ஒரே வாரத்தில் மாதிரிக் கணினியைக் கட்டி முடித்த கதை பிரபலம். 2 மெகாஹெர்ட்ஸ் 6502 பிராசசர், 32 கிலோபைட் நினைவகம். அந்த நினைவகத்தைப் பிராசசரும் திரையும் மாறி மாறிப் பகிர்ந்துகொள்ளும். ஒன்று இன்னொன்றைக் காக்கவைக்காது. அந்த விலைக்கு அப்படியொரு வடிவமைப்பு இருந்ததை இன்றைக்கும் நான் வியக்கிறேன். 15 லட்சத்துக்கும் மேல் விற்றது. 1985 ஏப்ரல் 26 அன்று முதல் ஏஆர்எம் சிப்புக்கு உயிர் கொடுத்துச் சோதித்ததும் ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான். நம் கைபேசிகளில் ஓடும் பிராசசர்களின் வம்சம் அங்கே தொடங்குகிறது.

இந்தக் கணினிக்கும் நமக்கும் நேரடி உறவு உண்டு. 1984-ல் இந்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்குப் போனவை பிபிசி மைக்ரோக்கள்தான். முதலில் சுமார் 250 பள்ளிகள். மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் உரிமம் பெற்று இங்கேயே தயாரிக்கவும் செய்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஏசி அறைக்குள் வரிசையாகப் போய், சிவப்பு ஃபங்க்ஷன் கீகளைத் தொட்டுப் பார்த்த தலைமுறை ஒன்று இங்கே இருக்கிறது. அந்தப் பெட்டிகள் எங்கே போயின? பெரும்பாலானவை எடைக்குப் போயிருக்கும். சில இன்னும் சாமான் அறையில், ஓட்டைக் குளோபுக்கும் உடைந்த பெஞ்சுக்கும் நடுவே கிடக்கின்றன.

எனக்கு வந்த பெட்டி அப்படி ஒரு சாமான் அறையில் கிடந்ததுதான். எடுத்துக் கொடுத்த லேப் உதவியாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "போன வருஷம் ஆசைக்கு ஒரு தடவை போட்டுப் பார்த்தேன் சார். சத்தமெல்லாம் நல்லாத்தான் வந்துச்சு. அஞ்சு நிமிஷத்துல குபுகுபுன்னு புகை. பிடுங்கிப் போட்டுட்டேன். போயிடுச்சு சார் அது."

போகவில்லை. பழைய கணினிகளைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் நான் ஊர் முழுக்கச் சொல்ல முடியும் என்றால், இதைத்தான் சொல்வேன்: புகை வந்ததால் பிபிசி மைக்ரோ செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

புகையை விட்டது எது என்று பார்ப்போம். மூடியில் பின்புறமும் அடியிலுமாக நான்கு திருகாணிகள். பக்கத்தில் 'ஃபிக்ஸ்' என்ற எழுத்துகள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும். கழற்றினால் இடப்பக்கம் பவர் சப்ளைப் பெட்டி. மெயின் கரண்ட் உள்ளே நுழையும் இடத்தில், மஞ்சள் கண்ணாடி போன்ற உறைக்குள் ஒரு கண்டென்சர். 'ரிஃபா' என்று பெயர் போட்டிருக்கும். உறைக்குள் இருப்பது உலோகம் பூசிய காகிதம். ஆண்டுகள் செல்லச் செல்ல உறையில் மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. அந்த வழியே ஈரம் இறங்குகிறது, காகிதம் ஊறுகிறது. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் இது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பல ஆண்டுகள் கழித்து 230 வோல்ட் பாய்ந்ததும் ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்து, சூடேறி, வெடிக்கிறது. மூக்கைத் துளைக்கும் நாற்றம். பெட்டிக்குள் பழுப்பு நிறப் பிசின்.

ஆனால் அந்தக் கண்டென்சரின் வேலை, பவர் சப்ளை உண்டாக்கும் மின் இரைச்சல் வீட்டு லைனுக்குத் திரும்பிப் போகாமல் தடுப்பது மட்டும்தான். அது வெடித்த பிறகும் கணினி பெரும்பாலும் இயங்கும்! ஒரு சில ரூபாய்ப் பொருள் விட்ட புகையைப் பார்த்துப் பயந்து எத்தனை நல்ல கணினிகளைக் காயலான் கடையில் போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனது ஆறுவதில்லை.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாற்று கிடைக்கும். 'எக்ஸ்2' முத்திரை உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். மெயின் லைனுக்குக் குறுக்கே நிற்கப்போகும் பொருளில் சாதாரண ரகம் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதை இறக்காமல் விரலை வைப்பது ஆபத்து. பழக்கமில்லாதவர்கள் டிவி மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதே நல்லது.

பவர் சப்ளையைத் தனியே கழற்றி, கண்டென்சரை மாற்றி, பிசினைத் துடைத்து, சீரிஸ் பல்ப் வழியாகக் கரண்ட் கொடுத்தேன். பல்ப் ஒருமுறை மின்னி அடங்கியது. எங்கும் ஷார்ட் இல்லை. 5 வோல்ட் சரியாக வந்த பிறகே போர்டோடு இணைத்தேன். 'பூ' வந்தது, 'பீப்' வரவில்லை. இந்த நிலையில் சாலிடரிங் அயர்னைத் தேடக் கூடாது. சாக்கெட்டில் செருகிய சிப்கள் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஆண்டுக்கணக்கில் மெல்ல மேலே எழும்பிவிடும். கால்களும் கறுத்துப்போகும். ஒவ்வொன்றாகக் கழற்றி, கால்களைச் சுத்தம் செய்து, திரும்ப அழுத்தினேன். ரோம் சிப்களை முடித்துவிட்டுச் சுவிட்சைப் போட்டதும் இரண்டு ஒலிகளும் வந்தன. திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே', கீழே 'பேசிக்'.

எதை மாற்றலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்பதில் சேகரிப்பாளர்களுக்குள் ஓயாத சண்டை. ரிஃபாவை நான் தயங்காமல் தூக்கி எறிவேன். ஆனால் சிப்களின் முதுகில் நான்கு இலக்க எண் இருக்கும். 8336 என்றால் 1983-ன் 36-வது வாரத்தில் தயாரானது. அவை இந்த இயந்திரத்தின் பிறப்புச் சான்றிதழ். வேலை செய்யும்வரை ஒன்றையும் மாற்ற மாட்டேன். மஞ்சளித்த மூடியை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் காயவைத்து வெளுக்கும் பழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. நிறம் திரும்ப மஞ்சளாகலாம்; பிளாஸ்டிக்குக்கும் அது நல்லதில்லை.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அந்தப் பெட்டியோடு ஒரு கட்டு ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகளும் வந்தன. ஏகார்னின் ஃபிளாப்பி முறையில் ஒரு பக்கத்துக்கு 31 கோப்புகள்தான், பெயருக்கு ஏழு எழுத்துகள்தான். அந்த ஏழு எழுத்துகளுக்குள் தங்கள் பெயரைச் சுருக்கி, எண்பதுகளின் மாணவர்கள் எழுதிய பேசிக் நிரல்கள் அவற்றில் இருக்கக்கூடும். கணினி உலகில் பிபிசி மைக்ரோக்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் உள்ளன. அந்த நிரல்களுக்கு இன்னொரு பிரதி கிடையாது. ஆனால் ஃபிளாப்பியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அப்படியே டிரைவில் போட்டால் ஹெட் பாழாகும், தகவலும் சுரண்டப்பட்டுப் போகும்.

உங்கள் பள்ளியின் சாமான் அறையில் இப்படியொரு பெட்டி இருந்தால் எடைக்குப் போடாதீர்கள், பிளக்கிலும் செருகாதீர்கள். ஃபிளாப்பிகளை அதோடு சேர்த்து, ஈரம் படாத இடத்தில் எடுத்து வையுங்கள். பூஞ்சையை எப்படி எடுப்பது என்று அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)