மறந்துபோன அக்கவுண்ட்ஸைத் தூசி தட்ட உங்கள் கம்ப்யூட்டர் போதும்!

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் மற்றும் ஷூ கம்பெனிகளில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "பி.காம். முடித்து நாலைந்து வருஷம் ஆகிவிட்டது. சி.ஏ. எழுத ஆசை. படித்ததெல்லாம் மறந்துவிட்டது. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் இதற்கு உதவுமா?" நான் என்ஜினியரிங் படித்த சாஃப்ட்வேர்காரன், கணக்கு வாத்தியார் அல்ல. ஆனால் கம்ப்யூட்டரை இதற்கு எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்ல முடியும்.

ஏன் மறக்கிறது?

தினமும் டாலியில் என்ட்ரி போடுகிறவருக்கும் மறக்கத்தான் செய்யும். நீங்கள் வவுச்சரை மட்டும் போடுகிறீர்கள். லெட்ஜரில் ஏற்றுவது, ட்ரையல் பேலன்ஸ் எடுப்பது, பேலன்ஸ் ஷீட் போடுவது எல்லாவற்றையும் டாலியே முடித்துவிடுகிறது. பரீட்சையில் அந்த வேலை உங்களுடையது.

பி.காமில் 55 சதவீதம் எடுத்தவர்கள் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேராக சி.ஏ. இன்டர்மீடியட்டில் சேரலாம். வசதிதான். ஆனால் 2024 மே தேர்வு முதல் அமலில் உள்ள பாடத்திட்டத்தில், இன்டர்மீடியட்டின் முதல் பேப்பரே 'அட்வான்ஸ்டு அக்கவுண்டிங்'. அடிப்படை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பாடம் தொடங்குகிறது. பாஸ் செய்ய ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். எனவே முதலில் அடிப்படையைச் சரிசெய்யுங்கள்.

படி 1: புத்தகம்

கூகுளில் 'ஐ.சி.ஏ.ஐ.' என்று தேடி, அந்த அமைப்பின் இணையதளத்திற்குச் செல்லுங்கள். ஃபவுண்டேஷன் 'அக்கவுண்டிங்' புத்தகம் பி.டி.எஃப். வடிவில் இலவசமாகக் கிடைக்கிறது. டவுன்லோடு செய்து, ஒவ்வொரு பாடத்தின் கடைசியில் உள்ள கணக்குகளை முதலில் போட்டுப் பாருங்கள். எந்தப் பாடத்தில் தடுமாறுகிறீர்களோ, அதை மட்டும் முழுமையாகப் படித்தால் போதும்.

படி 2: ஸ்ப்ரெட்ஷீட்

எக்செல் இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம். ஒரு ஃபைலில் ஜர்னல், லெட்ஜர், ட்ரையல் பேலன்ஸ் என மூன்று ஷீட் உருவாக்குங்கள். கூட்டுவதற்கு ஆட்டோசம் பட்டனை மட்டும் பயன்படுத்துங்கள். மற்ற எல்லாவற்றையும் நீங்களே டைப் செய்ய வேண்டும்.

நம்ம ஊர் உதாரணம் ஒன்று (டாலர் விலை கற்பனையே). மார்ச் 2-ல் 10,000 டாலருக்கு ஷூ அப்பர் ஏற்றுமதி. அன்று டாலர் 83 ரூபாய். மார்ச் 31-ல் 85. ஏப்ரல் 2-ல் பணம் வரும்போது 84.

மார்ச் 2: வாடிக்கையாளர் பற்று, விற்பனை வரவு: 8,30,000.
மார்ச் 31: வாடிக்கையாளர் பற்று, மாற்று விகித லாபம் வரவு: 20,000.
ஏப்ரல் 2: வங்கி பற்று 8,40,000, மாற்று விகித நட்டம் பற்று 10,000, வாடிக்கையாளர் வரவு 8,50,000.

மார்ச் 31 என்ட்ரி ஏன் வந்தது என்று உங்களால் சொல்ல முடிந்தால், இன்டர்மீடியட்டில் வரும் ஏ.எஸ். 11 என்ற கணக்கியல் தரத்தின் அடிப்படை உங்களுக்குப் புரிந்துவிட்டது.

படி 3: சரிபார்த்தல்

இப்போது டாலிபிரைமை எஜுகேஷனல் மோடில் திறந்து இதே என்ட்ரிகளைப் போடுங்கள். லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் 1, 2, 31 போன்ற சில தேதிகளில்தான் என்ட்ரி போட முடியும். உதாரணத்தில் அந்தத் தேதிகளைத் தேர்ந்தெடுத்ததும் இதற்காகத்தான். உங்கள் ட்ரையல் பேலன்ஸும் டாலி காட்டுவதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தமல்ல. தோல் பிளக்கும் மெஷின் வாங்கியதைக் கொள்முதல் கணக்கில் எழுதினாலும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருக்கும். லாபம் மட்டும் தப்பாக வரும். இதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காது. உங்களுக்குத்தான் தெரிய வேண்டும்.

இன்டர்மீடியட்டில் 30 மதிப்பெண் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. மீதி 70 மதிப்பெண்ணுக்குப் பேனாவால் விடை எழுத வேண்டும். எனவே கடைசி ஒரு மாதம் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, அதே இணையதளத்தில் கிடைக்கும் மாதிரி வினாத்தாள்களைப் பிரின்ட் எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுதிப் பழகுங்கள்.