விரல் நுழையும் இடமே எல்லை: இணைப்புப் பலகையில் இடத்தைச் சேமிப்பது எப்படி?

உங்கள் பள்ளிக் கணினிக்கூடத்தின் மூலையில் கண்ணாடிக் கதவு வைத்த ஓர் இரும்புப் பெட்டி இருக்கலாம். உள்ளே பச்சை விளக்குகள் மினுக்கும். நீலமும் சாம்பலுமாக வடங்கள் தொங்கும். அடுத்த முறை அதைக் கடக்கும்போது அந்த வடங்கள் எங்கே செருகப்பட்டுள்ளன என்று பாருங்கள். சதுரத் துளைகள் வரிசையாக உள்ள நீண்ட பட்டை ஒன்று தெரியும். பெரும்பாலும் ஒரு வரிசைக்கு 24 துளைகள். அதுதான் பேட்ச் பேனல் எனப்படும் இணைப்புப் பலகை.

கைப்பேசியின் சிறிய சில்லுக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களை அடைக்கத் தெரிந்த பொறியியலாளர்கள், இந்தத் துளைகளை மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாக விட்டுவைத்திருக்கிறார்கள்? இடம் தாராளமாக இருக்கிறதா? இல்லை. தரவு மையங்களில் இடத்துக்கு வாடகை உண்டு. குளிரூட்டச் செலவும் உண்டு. அப்படியும் துளைகள் ஓர் அளவுக்குக் கீழே சுருங்கவில்லை. காரணத்தைத் தேடினால் ஒளி, வெப்பம், மின்தடை என்று நாம் வகுப்பில் படிக்கும் பாடங்கள் ஒவ்வொன்றாக வரும். எல்லாவற்றுக்கும் முன்னால் மனித விரல் வந்து நிற்கும்.

பலகை எதற்கு?

வகுப்பறைச் சுவருக்குள் ஓடும் இணைய வடத்தில் ஒவ்வொரு கம்பியும் ஒற்றைச் செம்புக் கம்பி. அதை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் முறிந்துவிடும். ஆகவே அந்த வடத்தைப் பலகையின் பின்புறத்தில் ஒரே ஒருமுறை பொருத்திவிட்டு, பிறகு யாரும் தொடுவதில்லை. முன்புறத்தில், பல நுண்கம்பிகளைச் சேர்த்து முறுக்கிய, எளிதில் வளையும் சிறு வடம் ஒன்றைச் செருகி, அதன் மறுமுனையைச் சுவிட்ச் கருவியில் இணைக்கிறார்கள்.

ஆசிரியர் அறையிலிருந்த கணினியை நூலகத்துக்கு மாற்றினால் சுவரை உடைக்க வேண்டியதில்லை. முன்னால் உள்ள சிறு வடத்தை ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு மாற்றினால் போதும். நாம் ஆர்ஜே45 என்று அழைக்கும் இந்த இணைப்பி, குறைந்தது 750 முறையாவது செருகி எடுக்கத் தாங்க வேண்டும் என்று அனைத்துலகத் தரம் சொல்கிறது. தேய்மானம் முழுவதையும் பலகை ஏற்றுக்கொள்கிறது. சுவருக்குள் இருக்கும் வடம் தப்பிக்கிறது.

கை எட்டும் தூரம்

இந்தப் பலகையின் பாட்டி தொலைபேசி நிலையத்தில் பிறந்தவள். 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், வணிக முறையிலான முதல் தொலைபேசி நிலையம் 21 சந்தாதாரர்களுடன் திறக்கப்பட்டது. பின்னர் வந்த நிலையங்களில் பணியாளர் பலகைக்கு முன்னால் அமர்ந்து, அழைப்பவரின் வடத்தை எடுத்து, அழைக்கப்படுபவரின் துளையில் செருகினார். அந்தக் காலத்து 6.35 மில்லிமீட்டர் செருகியை இன்றும் மின்கித்தாரில் காணலாம்.

நகரங்கள் வளர்ந்தன, சந்தாதாரர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். அப்போது தொல்லை கொடுத்தது மின்சாரம் அல்ல, பணியாளரின் கை நீளம். அமர்ந்த இடத்திலிருந்து எட்ட முடியாத துளையால் பயனில்லை. எல்லாச் சந்தாதாரர்களின் துளைகளையும் பலகையின் ஒவ்வொரு பகுதியிலும் மீண்டும் மீண்டும் அமைத்தார்கள். துளைகளைச் சிறிதாக்கி நெருக்கினார்கள். இணைப்புப் பலகையின் வடிவத்தை மனித உடலின் அளவு தீர்மானித்த முதல் கட்டம் அது. அன்று கையின் நீளம் எல்லையாக இருந்தது. இன்று விரலின் தடிமன்.

ஒரு வரிசையில் எத்தனை?

வலையமைப்புக் கருவிகளை அடுக்கும் ரேக் எனும் இரும்புச் சட்டத்துக்கு உலகெங்கும் ஒரே அளவு: கருவியின் முகப்பு அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ. உயரத்தை 'யூ' என்ற அலகில் எண்ணுவார்கள். 1 யூ என்பது 44.45 மி.மீ. ஆள் உயர ரேக் ஒன்றில் பொதுவாக 42 யூ இருக்கும்.

இரு பக்கமும் திருகாணிகளுக்கு ஒதுக்கியது போகப் பலகைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 450 மி.மீ. அதை 24 துளைகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 18.75 மி.மீ. செருகியின் அகலம் ஏறத்தாழ 11.7 மி.மீ. ஆக, இரண்டு செருகிகளுக்கு நடுவே மிஞ்சுவது 7 மி.மீ. பெரியவர் ஒருவரின் சுட்டுவிரல் அகலமோ பொதுவாக 15 முதல் 20 மி.மீ. பக்கவாட்டில் விரல் நுழையவே நுழையாது.

அதனால்தான் செருகியை விடுவிக்கும் பூட்டு நாக்கைப் பக்கத்தில் வைக்கவில்லை. இரண்டு வரிசையாக 48 துளைகள் உள்ள சுவிட்ச் கருவிகள் பலவற்றில் மேல்வரிசையின் நாக்கு மேல்நோக்கியும், கீழ்வரிசையின் நாக்கு கீழ்நோக்கியும் இருக்கும். விரல் வருவதற்கு ஒரு வழியாவது திறந்திருக்க வேண்டுமே! பூட்டு நாக்கைத் தலைகீழாகத் திருப்பிய ஒரே மாற்றத்தால், அதே 1 யூ உயரத்தில் இணைப்புகள் இருமடங்காயின.

முடியைவிடச் சற்றே தடித்த கண்ணாடி

கண்ணாடியிழைக்கு வருவோம். இழையின் விட்டம் 125 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. நெடுந்தூர இழையில் ஒளி பயணம் செய்யும் நடுப்பகுதி ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர் மட்டுமே. இணைப்பியில் இரண்டு இழைகள் முகத்தோடு முகம் ஒட்ட வேண்டும். ஒரு மைக்ரோமீட்டர் விலகினாலும் ஒளி குறையும். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு பாதையையே அடைத்துவிடலாம். தொழில்நுட்பர்கள் செருகும் முன் ஒவ்வொரு முறையும் முனையைத் துடைப்பது இதற்காகத்தான்.

இழையை நேராகப் பிடித்திருக்க ஒரு பீங்கான் உருளை வேண்டும். ஜப்பானின் என்டிடி நிறுவனம் 1980களில் உருவாக்கிய எஸ்சி இணைப்பியில் அந்த உருளையின் விட்டம் 2.5 மி.மீ. 1990களில் அமெரிக்காவின் லூசென்ட் நிறுவனம் கொண்டுவந்த எல்சி இணைப்பியில் அது 1.25 மி.மீ., சரிபாதி. எம்பிஓ இணைப்பி இன்னும் துணிச்சலானது: இழைக்கு ஓர் உருளை என்பதை விட்டுவிட்டு, 12 இழைகளை 0.25 மி.மீ. இடைவெளியில் ஒரே முனையில் நிறுத்தியது. முதல் இழைக்கும் கடைசி இழைக்கும் இடைவெளி 11 × 0.25 = 2.75 மி.மீ. இத்தகைய துளைகள் 72 கொண்ட 1 யூ பலகைகள் விற்பனையில் உள்ளன. 72 × 12 = 864 இழைகள், நான்கரை சென்டிமீட்டர்கூட இல்லாத உயரத்தில்!

இங்கே விரலுக்கு இடமே இல்லை. ஆகவே செருகியின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் வால் நீட்டப்பட்டது. அதைத் தள்ளினால் செருகி பூட்டும், இழுத்தால் விடுபடும். விரலைச் சிறிதாக்க முடியாது என்பதால், விரல் வேலை செய்யும் இடத்தை நெரிசலுக்கு வெளியே நகர்த்திவிட்டார்கள்.

இடத்தைத் தின்பது துளை அல்ல, வடம்

துளைகளை நெருக்கியதோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு வடம் வெளியே வந்து, வளைந்து, பக்கவாட்டில் போக வேண்டும். இங்கே மூன்று சிக்கல்கள்.

முதலாவது, வளைவு. ஒளி இழைக்குள் முழு அக எதிரொளிப்பால் பயணம் செய்கிறது. இழையை மிகவும் வளைத்தால் ஒளியின் ஒரு பகுதி உள்ளே திரும்பாமல் வெளியே கசிந்துவிடும். வழக்கமான நெடுந்தூர இழைக்கு ஏறத்தாழ 30 மி.மீ. ஆரம் பாதுகாப்பானது. ஜி.657.ஏ2 என்ற புதிய வகை 7.5 மி.மீ. ஆரத்தையும் தாங்கும்.

இரண்டாவது, குறுக்கீடு. செம்பு வடத்தில் நான்கு இணைகள் உண்டு. ஒவ்வோர் இணையும் முறுக்கப்பட்டிருப்பது, பக்கத்து இணையின் காந்தப்புலம் அதில் தூண்டும் மின்னோட்டத்தை நீக்குவதற்காக. செருகுமிடத்தில் முறுக்கைப் பிரித்தே ஆகவேண்டும்; ஆனால் 13 மி.மீ.க்கு மேல் பிரிக்கக்கூடாது என்பது வடம் பொருத்துபவர்களின் விதி. துளைகள் நெருங்க நெருங்க, அடுத்த துளையின் சைகையும் குறுக்கிடத் தொடங்கும்.

மூன்றாவது, வெப்பம். பெரும்பாலான கருவிகள் முன்பக்கம் குளிர்காற்றை இழுத்துப் பின்பக்கம் வெளியேற்றுகின்றன. முன்னால் வடங்கள் திரைபோல் தொங்கினால் காற்று நுழையாது.

தீர்வுகளும் உண்டு. ஒன்று, நடுவில் முன்தள்ளி இரு பக்கமும் சாய்ந்த பலகை. தட்டையான பலகையில் வடம் நேராக முன்னே வந்து திரும்புவதால், அதைத் தாங்க 1 யூ உயரத்தில் தனி வடத்தாங்கி தேவைப்படும். 96 இணைப்புகளுக்கு 24 துளைப் பலகைகள் 4. ஒவ்வொன்றுக்கும் ஒரு வடத்தாங்கி என்றால் மொத்தம் 8 யூ. சாய்ந்த பலகையில் வடம் தானாகவே பக்கவாட்டை நோக்கிப் புறப்படுவதால் வடத்தாங்கி தேவையில்லை. 4 யூ போதும். துளையைத் துளியும் சுருக்காமல் பாதி இடம் மிச்சம்! ஆனால் பலகை முன்தள்ளி நிற்பதால் ரேக்கின் கதவு மூட இடம் விட வேண்டும். பக்கங்களில் வடங்கள் இறங்க அகலமும் வேண்டும்.

இன்னொன்று, மெலிந்த வடம். 6 மி.மீ. தடிமன் வடத்துக்குப் பதில் 3.8 மி.மீ. வடம் போட்டால் குறுக்குவெட்டுப் பரப்பு 60 விழுக்காடு குறைகிறது. ஆனால் உள்ளே செம்புக் கம்பியின் விட்டம் 0.51 மி.மீ.இலிருந்து 0.32 மி.மீ.க்கு இறங்கியிருக்கும். மின்தடை பரப்புக்கு எதிர்விகிதம் என்பதால் அது ஏறத்தாழ 2½ மடங்காகிறது. கண்காணிப்புக் கேமராவுக்கு மின்சாரத்தையும் அதே வடம் கொண்டுபோனால் அது கூடுதலாகச் சூடேறும். ஆகவே மெலிந்த வடத்தைக் குறுகிய தூரத்துக்கே பயன்படுத்துகிறார்கள். இடத்தை ஓரிடத்தில் மிச்சம் பிடித்தால் விலையை வேறோரிடத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மலாக்காவிலிருந்து நம் வீட்டுக் கம்பம்வரை

நம் அண்டை மாநிலமான மலாக்காவின் கரையில் சீ-மீ-வீ 4 என்ற கடலடி வடம் ஏறுகிறது. 2005இல் செயல்படத் தொடங்கிய இந்த வடம் சென்னையையும் கொழும்பையும் தொட்டு ஐரோப்பாவரை போகிறது. அதற்குள் இருப்பவை இரண்டு இணை இழைகள், அதாவது நான்கே இழைகள். ஒவ்வொன்றிலும் பல அலைநீளங்களில் ஒளி ஒன்றாகப் பயணம் செய்கிறது. கரையேறியதும் அவை பிரிக்கப்பட்டுத் தனித்தனி இணைப்புகளாகின்றன. கடலில் நான்காக இருந்தவை கரையில் கிளைகிளையாகப் பெருகுகின்றன. சைபர்ஜெயாவிலும் ஜொகூரிலும் உள்ள தரவு மையங்களில் பலகைகள் நெருங்கி நிற்பதன் காரணம் இதுபோன்ற பெருக்கம்தான்.

டெலிகோம் மலேசியா 2010இல் யூனிஃபை சேவையைத் தொடங்கியபின் கண்ணாடியிழை வீடுகளுக்கே வந்தது. இத்தகைய அமைப்பில் நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழையை 32 வீடுகள் பகிர்ந்துகொள்வது வழக்கம். கோலா சாவா, ரந்தாவ் போன்ற தோட்டப்புற ஊர்களில் வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதால், வேறு வழியில் சுற்றிவர இரண்டாவது வடம் இருக்கும் என்று எண்ணிவிட முடியாது.

இப்போது நினைத்துப் பாருங்கள். நள்ளிரவில் ஒரு தொழில்நுட்பர் பழுது பார்க்க வருகிறார். ஒரு கையில் கைவிளக்கு. கண்முன் நூற்றுக்கணக்கான ஒரே மாதிரி செருகிகள். பெயர்ச்சீட்டு ஒட்டவும் இடமில்லாத அளவுக்குப் பலகை நெருக்கமாக இருந்தால், பக்கத்து வடத்தை இழுத்துவிட எவ்வளவு நேரமாகும்? ஒரு தவறான இழுப்பு, 32 வீடுகளில் இணையம் இல்லை. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபின் வீட்டிலிருந்தே படித்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும்: அன்றைய வகுப்பு இல்லை.

அதனால்தான் நல்ல பலகையை வடிவமைப்பவர், "எத்தனை இணைப்புகளை அடைக்கலாம்?" என்பதோடு நிறுத்துவதில்லை. "பக்கத்து இணைப்பை அசைக்காமல் ஒன்றை மட்டும் எடுக்க முடியுமா? எண்ணைப் படிக்க முடியுமா?" என்றும் கேட்கிறார். தொழிற்கல்லூரியில் வலையமைப்புத் துறையைத் தேர்ந்தெடுக்க நினைக்கும் மாணவர்கள் இந்தக் கேள்விகளை இப்போதே கேட்டுப் பழகலாம்.

செய்து பாருங்கள்

தேவை: தடித்த அட்டை, அளவுகோல், பென்சில், உறிஞ்சுகுழல்கள்.

1. வகுப்பு நண்பர்கள் பத்துப் பேரின் சுட்டுவிரல் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து அட்டவணையிடுங்கள். சராசரியையும் மிகப் பெரிய அளவையும் குறியுங்கள்.

2. 450 மி.மீ. நீளமும் 44 மி.மீ. உயரமும் உள்ள அட்டைப் பட்டையில், உறிஞ்சுகுழல்கள் நுழையும் அளவுக்கு 24 துளைகள் இடுங்கள். குழல்களைச் செருகி, நடுவிலுள்ள ஒன்றை மட்டும் மற்றவை அசையாமல் எடுக்கப் பாருங்கள்.

3. அதே அளவுள்ள இன்னொரு பட்டையில் 48 துளைகள் இட்டுச் சோதியுங்கள். ஒவ்வொரு முறையும் எடுக்க ஆகும் நேரத்தையும், அசைந்த குழல்களின் எண்ணிக்கையையும் எழுதுங்கள்.

4. பட்டையை நடுவில் மடித்துச் சாய்வாக்கி மீண்டும் முயலுங்கள். நேரம் குறைந்ததா?

வடிவமைக்கும்போது சராசரி விரலைக் கணக்கில் எடுப்பீர்களா, மிகப் பெரிய விரலையா? காரணத்தோடு உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் விவாதியுங்கள்.