முட்செடிப் பூவினுள் ஓர் ஈ

வென்ட்வேர்த்வில்லில் வீட்டுப் பின்வளவில் கொய்யாவோ பீச் மரமோ வளர்ப்போருக்குப் பழ ஈ என்ற பெயரே கசக்கும். ஆசையோடு வெட்டிய பழத்தினுள் வெண்புழுக்கள் நெளியும். அது குயின்ஸ்லாந்துப் பழ ஈயின் கைவரிசை. ஆயினும் அதே குடும்பத்து வேறோர் ஈயை 1990களின் தொடக்கத்தில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. விஞ்ஞானிகள் ஐரோப்பாவிலிருந்து கொணர்ந்து, நியூ சவுத் வேல்ஸ் மேட்டுநிலங்களில் வேண்டுமென்றே பரவவிட்டனர். யுரோபோரா சொல்ஸ்டிஷியாலிஸ் என்பது அதன் பெயர்.

காரணம் நொடிங் திஸ்ல் என்னும் முட்செடி. நம் ஊர்ப் பிரமதண்டை நினைவூட்டினாலும் இது வேறு குலம், சூரியகாந்தியின் உறவினம். முள்ளுக்கு அஞ்சி ஆடுமாடுகள் அண்டா. ஒரு செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும். அவை மண்ணில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து முளைக்கும். ஆகவே செடியை வெட்டுவதிலும் விதையைத் தடுப்பதே முக்கியம்.

பெண் ஈ விரியாத மொட்டினுள் முட்டையிடும். குடம்பி பூவின் அடித்தட்டைத் துளைத்துச் செல்ல, அதனைச் சூழ்ந்த இழையம் வீங்கி மரம்போல் இறுகிக் கழலையாகும். விதைக்குச் செல்லவேண்டிய உணவைக் கழலை உறிஞ்சிக்கொள்ளும். அதனுள்ளேயே குடம்பி குளிர்காலத்தைக் கழித்து வசந்தத்தில் ஈயாக வெளிவரும். செடி தன் பகைவனுக்குத் தானே வீடு கட்டிக்கொடுக்கிறது!

பூச்சியைக் கொண்டு களையை ஒடுக்குவது நமக்குப் புதிதன்று. 1795இல் சாயத்துக்கென பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்த பூச்சி நல்ல சாயம் தரவில்லை. நாகதாளிக் கள்ளியையோ தின்று தீர்த்தது. 1860களில் அது இலங்கைக்கும் கொண்டுசெல்லப்பட்டது.

எனினும் ஆபத்தும் உண்டு. இதே முட்செடியை அடக்க 1960களின் இறுதியில் வட அமெரிக்காவில் விடப்பட்ட கூன்வண்டொன்று, அங்குள்ள சுதேச முட்செடிகளின் பூக்களையும் தாக்குவது 1997இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அவுஸ்திரேலியாவில் நொடிங் திஸ்லின் சாதியில் சுதேசச் செடி எதுவுமில்லை. அவ்வகையில் இந்நாடு அதிர்ஷ்டமுடையது. ஒருமுறை பரவவிட்ட பூச்சியை மீட்டெடுத்தல் இயலாதன்றோ?

கோல்பர்ன் பக்கம் செல்லும் மாணவர் குளிர்காலத்தில் காய்ந்த பூத்தலையொன்றைக் கையுறையோடு நசுக்கிப் பார்க்கலாம். நடுவே கொட்டைபோல் கடினமாக ஏதேனும் தட்டுப்பட்டால், குடம்பி உள்ளே உறங்குகிறது.